பத்திரத்துக்குப் பிறகு ஏன் இத்தனை காத்திருப்பு?

தமிழ்நாட்டில் வீடோ மனையோ வாங்கியவர்கள் வக்கீலிடமும் பத்திர எழுத்தரிடமும் வட்டாட்சியர் அலுவலக வாசலிலும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. பத்திரம் பதிந்து இத்தனை மாதமாகியும் பட்டாவில் ஏன் பெயர் மாறவில்லை? பட்டா வராவிட்டால் வீடு எனக்குச் சொந்தமில்லையா? மனு தள்ளுபடி என்று செல்பேசிக்குச் செய்தி வந்திருக்கிறது, இனி யாரிடம் போவது? கூட்டுப் பட்டாவில் கிடக்கும் என் பங்கைத் தனியாக எடுக்க மற்றப் பங்குதாரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டுமா? எனக்கு விற்றவரின் பெயரே பட்டாவில் இல்லை, அவருடைய பாட்டனார் பெயர்தான் இருக்கிறது, இப்போது என்ன செய்வது? இவற்றுக்கு ஊரில் கிடைக்கும் விடை இரண்டுதான். அலுவலர்கள் வேலை செய்வதில்லை என்பது ஒன்று. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் கோப்பு நகரவில்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நேர்மையும் சுறுசுறுப்பும் கொண்ட அலுவலர்களையே எல்லா நாற்காலிகளிலும் உட்காரவைத்தாலும் இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். நிலத்தைப் பற்றிச் சரிபார்க்க வேண்டியதையெல்லாம் பணம் கைமாறிய பிறகு சரிபார்க்கிறோம் என்பதே காரணம். விற்றவர் தொகையை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அதன் பிறகுதான் அளவுச் சங்கிலி தரையில் விழுகிறது, பழைய பதிவேடு திறக்கப்படுகிறது, பெயர் பொருந்தவில்லை என்பது தெரியவருகிறது. தெரியவரும் ஒவ்வொரு கோளாறின் சுமையும் அப்போது வாங்கியவர் தலையில் விழுகிறது.

இதை விளங்கிக்கொள்ள, சார்பதிவாளர் அலுவலகம் உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவதற்கான சட்டம். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமை மாற்றத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தவறினால் இன்னொரு 4 மாதம் வரை அபராதத்தோடு இடமுண்டு, அந்த அபராதம் பதிவுக் கட்டணத்தைப்போல் 10 மடங்கு வரை போகலாம். பதிவு தள்ளிப்போனால் உரிமையும் தள்ளிப்போகுமா என்று அஞ்சுகிறவர்கள் 47ஆம் பிரிவைப் பார்க்கலாம். பதிந்து முடித்த ஆவணம் எழுதிக்கொடுத்த நாளிலிருந்தே செல்லுபடியாகும், பதிந்த நாளிலிருந்து அல்ல. இத்தனையும் தெளிவாகச் சொல்லும் சட்டம், விற்பவருக்கு அந்தச் சொத்து சொந்தமா என்று விசாரிக்கும் வேலையைச் சார்பதிவாளருக்குக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர் அவர்தானா, சாட்சிகள் வந்தார்களா, தீர்வை சரியாகக் கட்டப்பட்டதா என்பதோடு அவர் பணி முடிகிறது. 2025 ஏப்ரலில் கே.கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதியாகச் சொன்னது. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமையே இல்லாவிட்டாலும், நடைமுறை சரியாக இருந்தால் பத்திரத்தைப் பதிய மறுக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை, இல்லாத உரிமை அந்தப் பத்திரத்தால் யாருக்கும் வந்துவிடாது, அவ்வளவுதான் என்பது தீர்ப்பின் சாரம்.

பட்டா வேறு துறையின் ஏடு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின்படி வட்டாட்சியர் அதைத் தருகிறார், மாற்றுகிறார். அவர் உத்தரவின் மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. நிலவரி யாரிடம் வசூலிப்பது என்ற தேவையிலிருந்து பிறந்த ஏடு அது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் சொத்துரிமை பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை என்பதை 1996 சவர்ணி வழக்கிலிருந்து 2021 ஜிதேந்திர சிங் வழக்கு வரை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. இருவர் உரிமை கோரி எதிரெதிரே நின்றால் வட்டாட்சியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி. ஆக, முதல் அலுவலகம் உரிமையை ஆராயக் கூடாது. இரண்டாம் அலுவலகம் உரிமையைத் தீர்மானிக்கக் கூடாது. தீர்மானிக்கும் அதிகாரமுள்ள நீதிமன்றமோ வழக்கு வந்தால் மட்டுமே வாய் திறக்கும். வீட்டு உரிமையாளர் கேட்கும் எல்லாக் கேள்விகளும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

பட்டா உரிமைச் சான்று இல்லையென்றால் அது தாமதமானால் என்ன, என்று வாதம் வரலாம். சட்டப்படி அந்த வாதம் சரி. வாழ்க்கைப்படி அது நிற்காது. வங்கியின் வக்கீல் கருத்துரைக்குப் பட்டா வேண்டும். கட்டட வரைபட அனுமதிக்குப் பட்டா வேண்டும். சாலை விரிவாக்கத்துக்கு அரசு நிலம் எடுத்தால் இழப்பீட்டு அறிவிப்பு முதலில் பட்டாதாரர் பெயருக்குத்தான் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்து வாங்க வருபவர் பட்டா எங்கே என்றுதான் கேட்பார். நீதிமன்றம் பட்டாவுக்குக் கொடுக்காத மதிப்பைச் சந்தை கொடுக்கிறது, அரசின் மற்றத் துறைகளும் கொடுக்கின்றன. எனவே "பத்திரம் இருக்கிறதே, கவலைப்படாதீர்கள்" என்ற ஆறுதல் பாதி உண்மைதான். வீடு போய்விடாது. ஆனால் அந்த வீட்டை வைத்துச் செய்ய வேண்டிய எதுவும் நடக்காது.

காத்திருப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை, அதற்குக் காரணமுண்டு. ஒரு சர்வே எண்ணின் முழுப் பரப்பையும், பட்டாவில் பெயருள்ளவரே, ஒருவருக்கு விற்றால் வேலை மிகக் குறைவு. பெயரை அடித்து வேறு பெயரை எழுதினால் போதும். இப்படிப்பட்ட இனங்களில் பதிவு முடிந்ததும் விவரம் இணையவழியே வருவாய்த் துறைக்குப் போய்ப் பட்டா தானாக மாறும் ஏற்பாடு இப்போது நடைமுறையில் இருக்கிறது. உட்பிரிவு தேவைப்படாத மனுவுக்கு 15 நாள், தேவைப்படுவதற்கு 30 நாள் என்பது அரசே வகுத்த கால அளவு. சிக்கல் இரண்டாவது வகையில். ஒரு ஏக்கரில் 5 சென்ட் மட்டும் வாங்கியிருந்தால், அந்த 5 சென்ட் எந்த மூலையில் இருக்கிறது என்று நில அளவர் நேரில் வந்து அளக்க வேண்டும், பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்புப் போக வேண்டும், புலப்படத்தில் புதுக் கோடு விழ வேண்டும், புது உட்பிரிவு எண் பிறக்க வேண்டும். அந்தக் கோட்டை மேலே உள்ள அளவை அலுவலர் சரிபார்த்த பிறகே வட்டாட்சியர் அலுவலகம் உத்தரவிடும். ஒரு வட்டத்தில் நில அளவர் பணியிடம் ஒன்று காலியாக இருந்தாலே வரிசை நீண்டுவிடும். இது ஆள் பற்றாக்குறையால் வரும் தாமதம், ஆள் போட்டால் தீரும். தீராத தாமதம் வேறு.

அது பத்திரத்தின் பின்பக்கத்தில், சொத்து விவரத்தில் இருக்கிறது. பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்துச் செக்குபந்தியைப் படித்துப் பார்த்தால் தெரியும். வடக்கே இன்னார் வீடு, தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே இன்னார் வகையறா புஞ்சை, மேற்கே வாய்க்கால், இதன் மத்தியில் இத்தனை சென்ட் என்று எழுதியிருக்கும். எழுதிய காலத்தில் அது துல்லியமானது, ஊரில் எவரும் கை நீட்டிக் காட்டியிருப்பார்கள். இன்றைக்கு அந்த வீடு இடிந்து இரண்டு மனையாகியிருக்கிறது, வண்டிப்பாதை தார்ச்சாலை, வாய்க்கால் தூர்ந்துவிட்டது. அடுத்தடுத்து விற்றவர்கள் அதே நான்கெல்லையை அப்படியே நகலெடுத்துப் புதுப் பத்திரங்களில் எழுதிக்கொண்டே வந்திருப்பார்கள். பத்திரம் பேசுவது சதுர அடியில், சென்ட்டில், கிரவுண்டில். கிராமப் பட்டா பேசுவது ஹெக்டேரிலும் ஏரிலும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அது 223 சதுர மீட்டர், அதாவது 2.23 ஏர். கிராம அ-பதிவேட்டில் பரப்பு அரை ஏர் கணக்கில் முழுமையாக்கி எழுதப்பட்டிருப்பதைப் பரவலாகக் காணலாம். அரை ஏர் என்பது 538 சதுர அடி, ஒரு சிறு வீட்டின் தரைப்பரப்பு. ஐந்தாறு பேர் ஒரே சர்வே எண்ணில் மனை வாங்கியிருந்தால், அவர்களுடைய பத்திரப் பரப்புகளைக் கூட்டினால் பட்டாப் பரப்பைத் தாண்டிவிடுவது இப்படித்தான். இதில் யாரும் திருடவில்லை. ஆனால் கடைசியாக மனுப் போடுபவருக்கு "ஆவணப் பரப்பும் புலப் பரப்பும் ஒத்துப்போகவில்லை" என்ற ஒரு வரியோடு மனு திரும்பிவிடும்.

பரப்புக் கோளாறுக்கு மேல் பெயர்க் கோளாறு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் வழக்கில் யு.டி.ஆர். என்று சொல்லப்படுவதில், மாநிலத்தின் கிராமப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. ஏக்கர் ஹெக்டேரானது, பழைய சர்வே எண்கள் பலவற்றுக்குப் புது உட்பிரிவு எண் வந்தது. தலைமுறை தலைமுறையாக ஊர்க் கணக்கை வைத்திருந்த கர்ணம் முறை இந்தத் திட்டத்தின் நடுவிலேயே, 1980இல், ஒழிக்கப்பட்டது. அதை ஒழித்தது நியாயமான செயல்தான். ஆனால் ஊரின் நில நினைவு கைமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஏடும் மாற்றி எழுதப்பட்டது. விற்றுவிட்டுப் போனவர் பெயர் பட்டாவில் தொடர்ந்தது, வாங்கியவர் பெயர் விடுபட்டது, அண்ணன் தம்பிகளில் ஊரில் இருந்தவர் பெயர் மட்டும் ஏறியது. கிராம நத்தத்தில் தனிப்பட்டா கிடைத்தது அதற்குப் பிந்தைய நத்த நிலவரித் திட்டத்தில்தான். இந்தப் பிழைகள் பல காலம் யாரையும் உறுத்தவில்லை. நிலம் கைமாறாமல் இருந்தது, அல்லது நம்பிக்கையில் கைமாறியது. நகரம் விரிந்து வயல் மனையானபோதுதான் 40 ஆண்டுப் பிழைகள் ஒன்றாக எழுந்து நின்றன. யு.டி.ஆர். பிழையைத் திருத்தக் கோருவது சாதாரணப் பட்டா மாறுதலைவிட நெடிய நடை. பழைய செட்டில்மெண்ட் ஏட்டிலிருந்து இன்றுவரை உள்ள தாய்ப்பத்திரங்களைக் கோத்துக் காட்ட வேண்டும், விசாரணைக்கு எதிர்த்தரப்பும் அழைக்கப்படும். அதை நேற்று வீடு வாங்கிய ஒருவர் செய்ய வேண்டியிருக்கிறது, விற்றவரின் பாட்டனாருக்காக.

இங்கேதான் முதல் மறுப்பு வரும். இதெல்லாம் சாக்கு, லஞ்சம் கொடுத்தால் இதே மனு ஒரே வாரத்தில் முடிகிறதே என்பார்கள். முடிகிறது என்பது உண்மை. நில அளவர், கிராம நிர்வாக அலுவலர் நிலையில் பட்டா மாறுதலுக்குக் கையூட்டு வாங்கிப் பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. ஆனால் லஞ்சம் எங்கே பிடிமானம் தேடுகிறது என்று பார்க்க வேண்டும். பதிவுச் சட்டத்தில் பதிய மறுத்தால் 71ஆம் பிரிவின்படி காரணத்தை எழுதிவைக்க வேண்டும், கேட்டால் அந்தக் காரணத்தின் நகலைக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும், 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பட்டா மனுவிலோ ஒற்றை வரித் தள்ளுபடி போதுமானதாகிவிட்டது. எந்த ஆவணம் குறைகிறது, எந்த எல்லை பொருந்தவில்லை, யார் ஆட்சேபித்தார் என்பது மனுதாரருக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தில்தான் இடைத்தரகர் முளைக்கிறார். கர்நாடகத்தில் சகாலா என்ற பெயரில் வழங்கும் சேவை உறுதிச் சட்டம் காலக்கெடு தவறும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய் இழப்பீடு என்று வைத்தது. தொகை சிறிது. ஆனால் அது தாமதத்தைக் கணக்கில் ஏறும் குற்றமாக்கியது. தமிழ்நாட்டிலும் இத்தகைய சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது, அது முழுக்க நியாயமானது. 50 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்குபவர் 7 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என நான்கரை லட்சத்தை அரசுக்குக் கட்டுகிறார். காரணம் எழுதிய ஓர் உத்தரவு அவருக்குச் சலுகை அல்ல. இருந்தாலும், லஞ்சம் முற்றாக ஒழிந்த ஊரிலும் பத்திரப் பரப்பு பட்டாப் பரப்பைத் தாண்டியே இருக்கும். நேர்மையான நில அளவர் அந்த மனுவை நேர்மையாகவே திருப்பி அனுப்புவார்.

கணினி வந்துவிட்டதே என்பது அடுத்தது. வந்ததன் பயன் சிறியதல்ல. வில்லங்கச் சான்றுக்கு ஒரு நாள் கூலியை இழந்து அலைந்த காலம் போய்விட்டது, பட்டாவையும் அ-பதிவேட்டுப் பகுதியையும் யாரும் வீட்டிலிருந்து பார்க்கலாம், 2018இல் வந்த ஸ்டார் 2.0 மென்பொருள் பதிவை முழுக்க இணையவழிக்குக் கொண்டுவந்தது. ஆனால் கணினி தன்னிடம் கொடுத்ததைத்தான் காட்டும். பிழையான அ-பதிவேடு கணினியில் ஏறினால் பிழையான அ-பதிவேடு வேகமாகக் கிடைக்கும். தானாகப் பட்டா மாறுவதும் விற்பவர் பெயரும் பட்டாப் பெயரும் ஒத்துப்போகும்போது மட்டுமே நடக்கிறது. ஒத்துப்போகாதவர்கள்தான் காத்திருக்கும் கூட்டமே. இணையம் எளிய மனுக்களை வரிசையிலிருந்து விலக்கிவிட்டது, அது நல்லது. மிச்சம் நிற்பவை எல்லாம் கடினமானவை என்பதை அந்த வெற்றியே வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது.

அப்படியானால் பதிவின்போதே சார்பதிவாளர் எல்லாவற்றையும் கண்டிப்பாகச் சோதிக்கட்டும் என்று அரசுகள் முயன்றதும் உண்டு. தமிழ்நாடு 2022இல் 55-ஏ என்ற விதியைக் கொண்டுவந்து, மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவில்லை என்றது. போலிப் பத்திரங்களைத் தடுப்பதே நோக்கம், அதைக் குறை சொல்ல முடியாது. அதையே மேலே சொன்ன கே.கோபி வழக்கு வீழ்த்தியது. மாவட்டப் பதிவாளரே போலிப் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று 2022இல் பதிவுச் சட்டத்தில் சேர்த்த 77-ஏ பிரிவை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பீகார் இன்னும் ஒரு படி போய், வருவாய் ஏட்டில் விற்பவர் பெயர் ஏறியிருந்தால்தான் பதிவு என்று 2019இல் விதி செய்தது. 2025 நவம்பரில் சமியுல்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் நீக்கியது. பெயர் மாற்றும் பணியே அந்த மாநிலத்தில் அரைகுறையாக நிற்கும்போது அதைக் காட்டினால்தான் விற்கலாம் என்பது விற்கும் உரிமையையே முடக்குவதாகும் என்பது நீதிமன்றம் கண்ட குறை. சிவில் வழக்குகளில் ஏறத்தாழ 66 சதவீதம் சொத்துத் தகராறுகள் என்ற மதிப்பீட்டையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், உரிமையைத் தீர்மானிக்கும் வேலையைக் குமாஸ்தா மேசையில் திணிக்கக் கூடாது என்பது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்பது விசாரணைக்குரிய கேள்வி, அதற்கு இரு தரப்பும் சாட்சியமும் வேண்டும். விற்கப்படும் நிலம் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, ஏட்டில் இன்று யார் பெயர் இருக்கிறது என்பவை அளந்தும் படித்தும் சொல்லிவிடக்கூடிய கேள்விகள். முதல் கேள்வியை நீதிமன்றத்திடம் விட்டுவிட்டு, இரண்டாவது வகைக் கேள்விகளைப் பத்திரம் எழுதுவதற்கு முன்னால் கொண்டுவருவதைச் சட்டம் தடுக்கவில்லை.

இன்னும் பெரிய மாற்றத்தை முன்வைப்பவர்களும் இருக்கிறார்கள். ராபர்ட் டாரன்ஸ் 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் நிறுவியதுபோல, அரசே ஒரு பதிவேட்டில் உரிமையாளர் பெயரை எழுதி அதற்கு உத்தரவாதமும் கொடுக்கட்டும் என்பது அவர்கள் நிலை. அடைய வேண்டிய இடம் அதுதான் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அந்த உத்தரவாதம் சுத்தமான ஏட்டின் மேல்தான் நிற்கும். ஆந்திரம் 2022ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தை 2023 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உரிமைத் தகராறு கீழ் நீதிமன்றங்களின் கையிலிருந்து அலுவலர்கள் கைக்குப் போகிறது என்ற அச்சம் வக்கீல்களிடமும் விவசாயிகளிடமும் எழுந்து, தேர்தல் பிரச்சினையாகி, 2024இல் புது அரசு அதைத் திரும்பப் பெற்றது. தெலங்கானா 2020இல் தரணி தளத்தின் மூலம் வேளாண் நிலப் பதிவையும் பெயர் மாற்றத்தையும் வட்டாட்சியரின் ஒரே மேசையில் சேர்த்தது. வேகத்தில் அது சாதனைதான். ஏட்டில் பெயர் தவறியவர்களுக்கு முறையிட வழி மிகக் குறுகலாக இருந்ததால் மனக்கசப்பு பெருகி, 2025இல் பூ பாரதி என்ற புதுச் சட்டம் வந்தது. உத்தரவாதம் தரும் இங்கிலாந்தின் நிலப் பதிவகத்திலும் தாமதம் இருக்கிறது. பெரிய மனையைப் பிரித்துப் புது உரிமை எண் வாங்க ஓராண்டுக்கு மேலும் காத்திருக்கிறார்கள். அங்கே அது இங்குபோல் கடிக்காததற்குக் காரணம், பதிவு எப்போது முடிந்தாலும் விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்தே அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுவதும், நிலுவையில் ஒரு விண்ணப்பம் இருப்பது ஏட்டைத் தேடுகிறவருக்குத் தெரிந்துவிடுவதும்தான். நம் வருவாய் ஏட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் மனு ஆறு மாதமாகக் கிடக்கும்போதும் பட்டாவை எடுத்துப் பார்ப்பவருக்குப் பழைய பெயர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பழைய பெயரைக் காட்டியே அதே நிலத்தை இன்னொருவருக்கு விற்கவும் துணிகிறார்கள். இந்தப் பதிவெண் கொண்ட பத்திரத்தின் பேரில் மாறுதல் மனு நிலுவை என்று பட்டாவிலேயே ஒரு வரி தோன்றச் செய்வதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். பதிவுத் துறையின் தகவல்தான் அன்றாடம் வருவாய்த் துறைக்கு வந்துகொண்டிருக்கிறதே.

முன்கூட்டி அளப்பதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தில் வேளாண் சர்வே எண்ணின் ஒரு பகுதியை விற்க வேண்டுமானால் முதலில் நில அளவர் அளந்து வரைந்த 11-ஈ வரைபடம் வேண்டும். அது இல்லாமல் பதிவு நடக்காது. பத்திரம் அந்த வரைபடத்தோடு பிறப்பதால், பிறகு பெயர் மாற்றுவது ஏட்டு வேலையாக மட்டும் மிஞ்சுகிறது. அங்கும் வரைபடத்துக்குக் காத்திருப்பு உண்டு, அதனால் விற்பனை தள்ளிப்போகிறது என்ற குறையும் உண்டு. மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அவசரமாக விற்பவருக்கு அந்தத் தாமதம் உண்மையான துன்பம், அதை லேசாக ஒதுக்க மாட்டேன். கட்டணம் கட்டி விரைந்து அளக்கும் வழியும், உரிமம் பெற்ற தனியார் நில அளவர்களும் அவர்களுக்கு உதவ முடியும். ஆனாலும் இரண்டு தாமதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் முன்னதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் கைமாறுவதற்கு முன் கோளாறு தெரிந்தால் விலை பேசலாம், விற்பவரைத் திருத்தித்தரச் சொல்லலாம், எழுந்து போய்விடலாம். கையெழுத்து வேண்டிய பங்காளிகளைத் தேடிப்பிடிக்கும் அக்கறையும் அப்போது விற்பவரிடம் இருக்கும், ஏனென்றால் அவருக்குப் பணம் வர வேண்டியிருக்கிறது. பணம் கொடுத்த பிறகு அதே கோளாறு தெரிந்தால் வாங்கியவருக்கு மிஞ்சுவது வழக்கு மட்டும். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு முழுவதையும் ஒரே தடவையில் உட்பிரிவு செய்துவிட்டால் ஒவ்வொரு மனைக்கும் தனியாக அளவர் வரவேண்டியதில்லை என்ற சிந்தனை தமிழ்நாட்டு நிர்வாகத்திலும் இடம்பிடித்திருக்கிறது. அதை மனைப்பிரிவோடு நிறுத்தாமல், கூட்டுப் பட்டாவில் பங்கு விற்கும் எல்லாருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

வாங்குபவர் எச்சரிக்கையாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 30 ஆண்டு வில்லங்கம் பார்த்து, தாய்ப்பத்திரம் பார்த்து, வக்கீல் கருத்தும் வாங்கியவருக்கே பட்டா சிக்குகிறது என்பதுதான் நடப்பு. வில்லங்கச் சான்று பதிந்த ஆவணங்களை மட்டுமே காட்டும். பதியாத உயில், வாய்வழிப் பாகம், புலத்தில் நகர்ந்துவிட்ட வரப்பு எதையும் அது சொல்லாது. பவரையும் கிரய ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்துக் கைமாற்றுவது உரிமை மாற்றமாகாது என்று 2011 சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் அப்படிப்பட்ட கைமாற்றங்கள் சங்கிலியின் நடுவே இன்னும் கிடக்கின்றன. தனி மனிதரின் எச்சரிக்கை எட்டாத இடத்தில்தான் அரசின் அளவுகோல் எட்ட வேண்டும்.

அது வரும்வரை, ஏற்கெனவே பத்திரம் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இவற்றை விடாமல் செய்யுங்கள். மனு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அதே மனுவைத் திரும்பத் திரும்பப் போடாமல் அந்தக் காரணத்தைக் கோட்டாட்சியர் முன் மேல்முறையீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். கூட்டுப் பட்டாவாக மாற்றித் தர ஒப்புக்கொண்டால் வாங்கிக்கொள்ளுங்கள், ஏட்டில் உங்கள் பெயர் ஏறிவிடும், தனிப்பட்டாவுக்குப் பிறகு போராடலாம். இனிமேல் வாங்கப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இணையத்தில் பட்டாவைத் திறந்து விற்பவர் பெயர் அதில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சட்டம் இன்னும் செய்யாததை உங்கள் ஒப்பந்தம் செய்யட்டும். தமிழ்நாட்டில் 2012 இறுதியிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிந்தாக வேண்டும், ஆகவே அதில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பலமுண்டு. விற்பவர் தம் செலவில் அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிய பிறகே பாக்கித் தொகை தரப்படும் என்ற வரியை அந்த ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.